இருபது நிமிடமும் பதினாறாயிரம் ரூபாயும்

வேதாரண்யம் வட்டாரத்தில் நெல்லும் உப்பும் மட்டுமன்றி முல்லைப் பூவும் ஒரு பிழைப்பு. ஆயக்காரன்புலம், கருப்பம்புலம் பக்கத்து மணற்பாங்கான கொல்லைகளில், பொழுது விடியுமுன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறிப்பவர்களைக் காணலாம். அவர்களில் ஒருவர் எனக்கு நெடுநாள் பழக்கம். அண்மையில் ஒரு மாலை அவர் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்.

“சார், ஒரு கணக்குப் போட்டுச் சொல்லணும். மெட்ராஸ்ல புதுசா ஒரு பார்க் தொறந்திருக்காங்களாம். பள்ளிக்கூடத்துல எவனோ போயிட்டு வந்து போன்ல படம் காட்டியிருக்கான். நம்ம புள்ளைங்க ரெண்டுக்கும் ஒரு மாசமா அதே பேச்சு. கையில காசு இல்ல. வட்டிக்கு வாங்கியாவது அழைச்சிட்டுப் போயிடலாமான்னு பாக்குறேன். அவ்வளவு காசு குடுக்குற அளவுக்கு அதுல என்னதான் சார் இருக்கு?”

நல்ல கேள்வி. இயற்பியல் ஆசிரியரிடம் கேட்கவேண்டிய கேள்விதானா என்று முதலில் எனக்குத் தோன்றியது. யோசித்துப் பார்த்தால், அதில் இயற்பியலும் இருக்கிறது; கணக்கும் இருக்கிறது; மனித மனத்தைப் பற்றிய ஆராய்ச்சியும் இருக்கிறது. அவருக்குச் சொன்ன விடையைச் சற்றே விரித்து இங்கு எழுதுகிறேன். இதே கேள்வி பல வீடுகளில் கேட்கப்படுகிறது அல்லவா?

செலவு எவ்வளவு?

அவர் குறிப்பிட்ட பூங்கா, செங்கற்பட்டு மாவட்டத்தில் திருப்போரூருக்கு அருகே இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறக்கப்பட்ட வொண்டர்லா கேளிக்கைப் பூங்கா. 60 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பு. 600 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட முதலீடு. 40க்கு மேற்பட்ட விளையாட்டுகள். அவற்றுள் ஒன்றான பெரிய ரோலர் கோஸ்டருக்குத் ‘தஞ்சோரா’ என்று நம் தஞ்சாவூரை நினைவூட்டும் பெயர் வைத்திருக்கிறார்கள். தண்டவாளம் தலைக்கு மேலே ஓட, கால்கள் அந்தரத்தில் தொங்கும் வகை அது. பெரியவர் ஒருவருக்கு நுழைவுக் கட்டணம் ஏறத்தாழ 1,500 ரூபாய். சிறுவர்களுக்குச் சற்றுக் குறைவு. நாளைப் பொறுத்து இது கூடும், குறையும்.

இங்கிருந்து அங்கே போக முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம். நானும் அவரும் ஒரு பழைய நோட்டில் எழுதிப் பார்த்தோம். நால்வருக்கு நுழைவுச் சீட்டு 5,500, பேருந்துக்குப் போக வர 4,000, ஓர் இரவு தங்க 2,000, சாப்பாட்டுக்கு 3,000, பொருள்களை வைக்கும் பெட்டி, நீர் விளையாட்டுக்கான உடை, பிள்ளைகள் கேட்கும் தின்பண்டம் ஆகியவற்றுக்கு 1,500. ஆக மொத்தம் 16,000 ரூபாய். செலவு போக நாளொன்றுக்கு 500 ரூபாய் கையில் நிற்கும் மனிதருக்கு இது முப்பத்திரண்டு நாள் உழைப்பு.

நுழைவுச் சீட்டு மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குதான் என்பதைக் கவனியுங்கள். சென்னையில் இருப்பவருக்கும் வேதாரண்யத்தில் இருப்பவருக்கும் பூங்கா ஒன்றே, செலவு ஒன்றன்று.

காதுக்குள் ஒரு கருவி

இந்தப் பணத்துக்கு அங்கே என்ன கிடைக்கிறது? முடுக்கம் கிடைக்கிறது என்று ஒரே சொல்லில் கூறிவிடலாம்.

சீரான வேகத்தில் ஓடும் பேருந்தில் கண்ணை மூடிக்கொண்டால் வேகம் தெரிவதில்லை. ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கும்போதும், வளைவில் திருப்பும்போதும்தான் தெரிகிறது. வேகத்தை நம் உடல் உணர்வதில்லை. வேக மாற்றத்தை, அதாவது முடுக்கத்தை மட்டுமே உணர்கிறது. இதற்கான கருவி நம் உட்காதில் இருக்கிறது. அங்குள்ள மூன்று அரைவட்டக் குழல்கள் சுழற்சியை அறிகின்றன. மற்றொரு பகுதியில், கூழ் போன்ற ஒரு படலத்தின் மேல் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் அமர்ந்திருக்கின்றன. உடல் முடுக்கப்படும்போது இத்துகள்கள் பின்தங்கி, கீழே உள்ள மெல்லிய மயிரிழைகளை வளைக்கின்றன. அந்தச் செய்தி மூளைக்குப் போகிறது. மூளை உடனே ‘விழுகிறாய், பிடித்துக்கொள்!’ என்று எச்சரிக்கை மணி அடிக்கிறது. இதயம் படபடக்கிறது. ஆபத்து இல்லை என்று அறிவு சொல்ல, ஆபத்து என்று காது சொல்ல, இரண்டுக்கும் இடையில் பிறப்பதுதான் அந்தக் கூச்சலும் சிரிப்பும்.

இருபது மீட்டர் உயரத்திலிருந்து தடையின்றி விழுவதாகக் கொள்வோம். கீழே வரும்போது வேகம் மணிக்கு ஏறத்தாழ 71 கிலோமீட்டர். எவ்வளவு நேரம் விழுவோம் தெரியுமா? இரண்டே வினாடி!

மாமரத்து ஊஞ்சல்

இந்த உணர்ச்சிக்குப் பதினாறாயிரம் ரூபாய் வேண்டுமா? கஜா புயலில் சாய்ந்தது போக மிஞ்சி நிற்கும் ஒரு மாமரத்தில் ஊஞ்சல் கட்டிப் பார்ப்போம்.

ஊஞ்சல் உச்சிக்குப் போகும்போது நிலையாற்றல் மிகுதி. கீழே வரும்போது அது முழுவதும் இயக்க ஆற்றலாகிறது. ஊஞ்சலின் கீழ்ப்புள்ளியில் பலகை நம்மைத் தாங்குவதோடு, வட்டப் பாதையில் திருப்பவும் வேண்டியிருக்கிறது. ஆகவே நம் எடை கூடியதுபோல் உணர்கிறோம். எத்தனை மடங்கு? ஊஞ்சல் செல்லும் கோணத்தின் கோசைன் மதிப்பை இரண்டால் பெருக்கி, மூன்றிலிருந்து கழித்தால் விடை வரும். கோணம் 45 டிகிரி என்றால் ஏறத்தாழ 1.6 மடங்கு. துணிச்சலான பிள்ளைகள் 60 டிகிரி வரை ஆடுவார்கள். அப்போது சரியாக இரண்டு மடங்கு! உச்சியில் கயிற்றின் இழுவை பாதி எடைக்குக் குறைகிறது. வயிற்றில் கிச்சுகிச்சு மூட்டுவது இந்தக் குறைவுதான்.

நான்கு மீட்டர் கயிற்றில் ஒரு முழு ஆட்டத்துக்கு நான்கு வினாடிக்குச் சற்று மேல் ஆகும். ஐந்து நிமிடம் ஆடினால் ஏறக்குறைய எழுபது ஆட்டம். நூற்று நாற்பது முறை எடை கூடுகிறது, நூற்று நாற்பது முறை குறைகிறது. செலவு, கயிற்றின் விலை. உட்காதின் கண்ணோட்டத்தில் பார்த்தால் மாமரம் ஓர் ஏழையின் கேளிக்கைப் பூங்காவே.

பணம் எதை வாங்குகிறது?

அப்படியானால் பூங்கா ஏமாற்றுதானா? இல்லை. தலைகீழாகச் சுற்றும் வளையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வளையம் சரியான வட்டமாக இருந்தால், உச்சியில் விழாமலிருக்கத் தேவையான குறைந்த வேகத்தில் சென்றால்கூட, அடியில் உடல் தன் எடையைப்போல் ஆறு மடங்கை உணரவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்படி வட்டமாகவே கட்டி, ஏறியவர்கள் கழுத்து வலியோடு இறங்கினார்கள். 1976இல் அமெரிக்காவில் கலிபோர்னியாவில் திறக்கப்பட்ட ஒரு ரோலர் கோஸ்டருக்கு, வெர்னர் ஸ்டெங்கல் என்ற ஜெர்மானியப் பொறியியலாளர் வளையத்தைக் கண்ணீர்த்துளி வடிவில் அமைத்தார். அடியில் வளைவு அகலம், உச்சியில் வளைவு குறுகல். இதனால் அடியில் ஏற்படும் அழுத்தம் வெகுவாகக் குறைந்தது. இன்றைய வளையங்களெல்லாம் அந்த வழியில் வந்தவை.

கட்டணத்தில் ஒரு பங்கு இந்தக் கணக்குக்கும், தோளை அழுத்திப் பிடிக்கும் பூட்டுக்கும், நாள்தோறும் செய்யும் சோதனைக்கும் போகிறது. அலைக்குளமும் அப்படியே. கடலோர மக்கள் காசு கொடுத்து அலையில் குளிப்பதா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையைக் கண்ட நாகை மாவட்டத்தில், ஆழம் தெரிந்த, காவலர் நிற்கும் தண்ணீரில் பிள்ளைகளை விடுவதற்கு ஒரு மதிப்பு உண்டு. அதை நாம் குறைத்துச் சொல்லக்கூடாது.

உள்ளே கொடுக்கும் விலை

1955 ஜூலையில் அமெரிக்காவில் டிஸ்னிலாண்ட் திறந்தபோது நுழைவுக் கட்டணம் ஒரு டாலர். ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனிச்சீட்டு. வால்டர் ஓய் என்ற பொருளியல் அறிஞர் 1971இல் இந்த இரட்டை விலை முறையை ஆராய்ந்து ஒரு கட்டுரையே எழுதினார். 1982இல் தனிச்சீட்டு முறையைக் கைவிட்டு, வாசலில் ஒரே கட்டணம் என்று ஆக்கினார்கள். இன்று கூட்டம் மிகுந்த நாள்களில் அங்கே ஒரு நாள் கட்டணம் 200 டாலரைத் தாண்டுகிறது. நம் ஊர்ப் பூங்காக்களும் பெரும்பாலும் இந்த முறையில்தான் நடக்கின்றன.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வாசலில் பணம் கொடுத்தபின் உள்ளே எல்லாம் இலவசம். இலவசமானால் எல்லாரும் நல்லதையே தேடுவார்கள், வரிசை நீளும். ஆக, உள்ளேயும் விலை உண்டு. அதை ரூபாயாகக் கொடுக்காமல் நேரமாகக் கொடுக்கிறோம்.

வரிசையின் கணக்கு மிக எளிது. ஜான் லிட்டில் என்ற அறிஞர் 1961இல் பொதுவாக நிறுவிய விதி அது. நமக்கு முன்னால் நிற்பவர் தொகையை, ஒரு மணி நேரத்தில் ஏறி இறங்குவோர் தொகையால் வகுத்தால் காத்திருக்கும் நேரம் கிடைக்கும். ஒரு தடவைக்கு 24 பேர். ஏற்றி, ஓட்டி, இறக்க மூன்று நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 480 பேர். முன்னால் 240 பேர் நின்றால் அரை மணி காத்திருக்க வேண்டும். ஓட்டமோ இரண்டு நிமிடம். பத்து விளையாட்டுக்கு ஐந்தே கால் மணி நேரத்துக்கு மேல் போய்விடும். அதில் விளையாடிய நேரம் இருபது நிமிடம்! ஆளுக்கு 4,000 ரூபாய் என்று பார்த்தால், நிமிடத்துக்கு 200 ரூபாய்.

கூட்டமில்லாத ஒரு வேலை நாளில் முன்னால் 60 பேர்தான் இருந்தால்? காத்திருப்பது ஏழரை நிமிடம். மூன்றேகால் மணி நேரத்துக்குள் இருபது முறை ஏறிவிடலாம். நிமிடத்துக்கு 100 ரூபாய். கட்டணத்தில் ஒரு காசு குறையாமலே விலை பாதியாகிவிட்டது!

நம் மாவட்டத்தாருக்கு இதில் ஒரு வசதி உண்டு. நாகூர் கந்தூரி, வேளாங்கண்ணித் திருவிழா போன்றவற்றுக்கு உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். அன்று நம் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. சென்னைப் பிள்ளைகளுக்கு உண்டு.

இன்னொன்றையும் வீட்டிலேயே பார்த்துவிடலாம். பெரிய விளையாட்டுகள் பலவற்றுக்கு ஏறத்தாழ 140 சென்டிமீட்டர் உயரம் வேண்டும் என்பார்கள். நண்பரின் பிள்ளைகளை என் வீட்டு நிலைப்படியில் நிற்கவைத்துச் சாக்பீஸால் கோடு போட்டேன். மூத்தவள் 143, இளையவன் 121. “அப்ப இவன் கீழேயே நிக்கணுமா சார்?” என்றார் தந்தை. சிறுவர் விளையாட்டுகளும் நீர்ப்பகுதியும் உண்டு. ஆயினும் படத்தில் பார்த்து அவன் ஆசைப்பட்டது அவற்றையல்ல.

மனம் போடும் கணக்கு

நிமிடக் கணக்கோடு நிறுத்திவிட்டால் அது பாதி உண்மைதான். திருவிழாவுக்குப் போகிறவர் தேர் நகர்ந்த நிமிடங்களை எண்ணியா மகிழ்கிறார்? ஆகவே மகிழ்ச்சியை அளந்த இரண்டு ஆராய்ச்சிகளைப் பார்ப்போம்.

1993இல் டேனியல் கானமன் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய தோழர்களும் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்கள் ஒரு கையை 14 டிகிரி செல்சியஸ் குளிர்ந்த நீரில் ஒரு நிமிடம் வைத்திருந்தார்கள். மறுமுறை அதே ஒரு நிமிடம். அதன்பின் மேலும் அரை நிமிடம், ஆனால் நீர் 15 டிகிரி வரை மெல்லச் சூடாக்கப்பட்டது. எதை மீண்டும் செய்யச் சம்மதம் என்று கேட்டபோது, பெரும்பாலோர் நீண்ட நேரத் துன்பத்தையே தேர்ந்தெடுத்தார்கள்! ஏனெனில் அது முடிந்த விதம் சற்றுச் சுகமாக இருந்தது. நினைவு நேரத்தைக் கூட்டிப் பார்ப்பதில்லை. உச்சக்கட்டத்தையும் முடிவையும்தான் பெரிதும் வைத்துக்கொள்கிறது. பூங்காவுக்கும் இது பொருந்தும் என்று கொண்டால், இரண்டு நாள் தங்கினால் நினைவு இரட்டிப்பாகாது. ‘கொடுத்த காசை வசூல் செய்கிறேன்’ என்று பயந்த பிள்ளையை வற்புறுத்தி ஏற்றி, களைத்து, கடைசிப் பேருந்துக்கு ஓடி, சண்டையோடு முடிந்த நாளை எவரும் இனிமையாக நினைக்கமாட்டார்கள்.

அடுத்தது, நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நடத்தி 2010இல் வெளியான ஆராய்ச்சி. அவர்களில் 974 பேர் விடுமுறைப் பயணம் போனார்கள். போகுமுன்பே, போகாதவர்களைவிட அவர்கள் மகிழ்ச்சியாக இருந்தார்கள். திரும்பி வந்தபின்? மிக நிம்மதியான பயணம் வாய்த்த சிலரைத் தவிர, மற்றவர்களுக்கும் போகாதவர்களுக்கும் மகிழ்ச்சியில் வேறுபாடு தெரியவில்லை. பயணத்துக்கு முந்திய எதிர்பார்ப்பு காலத்தில் நீளமானது. பயணத்துக்குப் பிந்திய களிப்பு விரைவில் கரைவது.

பொருள் வாங்குவதைவிட அனுபவத்துக்குச் செலவிடுவதே மேல் என்று கூறும் ஆராய்ச்சிகளும் உண்டு. ஆனால் 2018இல் வெளியான ஓர் ஆய்வு, அது வசதி படைத்தோர்க்கே நன்கு பொருந்துகிறது என்று காட்டியது. வசதி குறைந்தோர்க்குப் பயன்படும் பொருளும் அதற்கிணையான மகிழ்ச்சியைத் தருகிறது. பள்ளிக்குப் போக ஒரு மிதிவண்டி வேண்டியிருக்கும் வீட்டில், அதை வாங்கிக் கொடுத்த தகப்பனார் பிள்ளைகளை வஞ்சித்துவிடவில்லை.

கடனா, சேமிப்பா?

இப்போது நண்பரின் கேள்விக்கு வருவோம். நூற்றுக்கு மாதம் மூன்று வட்டி. பதினாறாயிரம் வாங்கி, மாதம் 1,600 அசலும் அவ்வப்போது மீதிக்குரிய வட்டியுமாகப் பத்து மாதத்தில் அடைத்தால், வட்டி மட்டும் 2,640 ரூபாய். மொத்தம் 18,640.

பெரிய கேடு இந்த 2,640 ரூபாய் அன்று. மகிழ்ச்சி சில வாரத்தில் கரைந்துபோகும்; தவணை பத்து மாதம் வரும். மாதந்தோறும் கடன்காரர் வாசலில் நிற்கும்போது, அந்த நாளின் நினைவும் சேர்ந்தே கசக்கும். முடிவுதானே நினைவில் நிற்கிறது?

இதையே திருப்பிப் போட்டால் என்ன ஆகும்? நாளொன்றுக்கு 50 ரூபாய் வீதம் உண்டியலில் போட்டால் 320 நாளில் பதினாறாயிரம். வட்டி இல்லை. இந்த 320 நாளும் பிள்ளைகள் எதிர்பார்த்துக் கொண்டிருப்பார்கள். நெதர்லாந்து ஆராய்ச்சி சொல்வதும் இதுதான்: எதிர்பார்ப்பே மகிழ்ச்சியின் பெரும்பகுதி. கடன் வாங்கிப் போகிறவர் மகிழ்ச்சி போனபின் பணம் கட்டுகிறார். சேர்த்து வைத்துப் போகிறவர் பணம் கட்டும்போதே மகிழ்ச்சி அடைகிறார். இடமும் ஒன்று, ரூபாயும் ஒன்று, வரிசைதான் மாறுகிறது.

ஆகவே என் விடை இது: ஆண்டுதோறும் போவதற்கும் கடன் வாங்கிப் போவதற்கும் அது தகாது. சேமித்து, கூட்டமில்லா நாளில், பிள்ளைகள் உயரம் எட்டியபின், பொழுதோடு திரும்பும்படியாக வாழ்வில் ஒருமுறை போய் வருவதற்குத் தகும்.

அதுவரை பிள்ளைகள் சும்மா இருக்க வேண்டுமா? இங்கிருந்து சிறிது தூரத்தில் கோடியக்கரை இருக்கிறது. 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002இல் பன்னாட்டுச் சிறப்புடைய ராம்சார் ஈரநிலமாயிற்று. வெளிமான் கூட்டம் துள்ளி ஓடுவதையும், பனிக்காலத்தில் பூநாரைகள் ஆழமற்ற நீரில் வரிசையாய் நிற்பதையும் காண உலகின் பல பகுதிகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். இதை நான் சொன்னபோது நண்பர் சிரித்தார். “நம்ம ஊருதானே சார், எப்ப வேணாலும் பாத்துக்கலாம்.” அதுவும் உண்மைதான், பக்கத்தில் இருப்பது புதுமையாகத் தோன்றுவதில்லை. “கடைசியா எப்ப அழைச்சிட்டுப் போனீங்க?” என்று கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை.

“போனதே இல்ல சார். விடியக்காலம் பூப்பறிக்கப் போயிடுவேன். மார்க்கெட்டுக்குப் போட்டுட்டு வந்தா தண்ணி பாய்ச்சற வேலை. ஒரு நாள் முழுக்க நான் புள்ளைங்களோட இருந்ததே இல்ல.”

நுழைவுச் சீட்டில் அச்சிடப்படாத விலையும் பயனும் அந்த வார்த்தையில் இருந்தன. பிள்ளைகள் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தது ரோலர் கோஸ்டரை மட்டுந்தானா என்று எனக்கு ஐயம் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் பூப்பறிக்க ஆள் விட்டுவிட்டு, பிள்ளைகளோடு கோடியக்கரைக்குப் போய் வந்தார். செலவு முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது என்றார். வீட்டில் ஒரு தகர டப்பாவில் ஓட்டை போட்டு நாளும் ஐம்பது ரூபாய் போடுகிறார்கள். பணத்தைப் போடும் உரிமை இளையவனுக்கு. அவன் வாரம் ஒருமுறை என் வீட்டுக்கு வந்து, நிலைப்படிக் கோட்டின் அருகே நின்று பார்த்துவிட்டுப் போகிறான். இன்னும் 19 சென்டிமீட்டர் இருக்கிறது.

நீங்களும் ஒரு தாளை எடுத்து உங்கள் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். செலவை ரூபாயில் எழுதுங்கள். பக்கத்தில் அதை நாள் கூலியிலும் எழுதுங்கள். காத்திருக்கும் நேரத்தையும் விளையாடும் நேரத்தையும் தனித்தனியே எழுதுங்கள். கடைசி வரியில், அன்று வீட்டில் யார் யார் சேர்ந்து இருப்பீர்கள் என்று எழுதுங்கள். அந்தக் கடைசி வரியை நிரப்பப் பூங்காவுக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை.